தண்ணீருக்குத் தப்பிய வீடுகள்!

உக்ரைன் தலைநகர் கீவிலிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பெரேயாஸ்லாவ் நகரம். அங்கே ஒரு குன்றின் மேல் பழைய கிராமம் ஒன்று. வெள்ளையடித்த மண் சுவர்கள், வைக்கோல் கூரைகள், காற்றாலைகள் எல்லாம் உண்டு. குடியிருக்கத்தான் ஆள் இல்லை!

1964-ல் தொடங்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம் இது. உக்ரைனில் இந்த வகையில் இதுதான் முதல். 1970-களில் டினிப்ரோ ஆற்றின் குறுக்கே கனிவ் அணையில் தண்ணீரைத் தேக்கியபோது, கரையோரக் கிராமங்கள் மூழ்கிப்போயின. அங்கிருந்த சில வீடுகளையும் மரத் தேவாலயங்களையும் முன்கூட்டியே பிரித்து எடுத்துவந்து, இங்கே மறுபடி கட்டினார்கள். முன்னின்று செய்தவர், மிகைலோ சிகோர்ஸ்கி.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், மெழுகிய மண் தரை. அறையின் பெரும்பகுதியை அடைத்தபடி ‘பீச்’ என்ற அடுப்பு. ரொட்டி சுடுவதும் அதில்தான், குளிரில் வீட்டைச் சூடாக்குவதும் அதுதான். அதன் மேல்தளத்தில் பாட்டியும் பேரக்குழந்தைகளும் படுத்துத் தூங்குவார்கள். எதிர்மூலையில் சாமி படங்கள். அவற்றின் மேல் பூவேலை செய்த ‘ருஷ்னிக்’ துணி.

பார்ப்பவர்களை அசரவைப்பது, விண்வெளி அருங்காட்சியகம். அது இயங்குவது பழைய மரத் தேவாலயம் ஒன்றில்! வழிபாட்டுத் தலங்கள் பலவும் மூடப்பட்ட சோவியத் காலத்தில், அருங்காட்சியகமாக மாறியதால் பிழைத்த கட்டடம் அது.

ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்த ஊரின் வாசற்படியை இன்றும் மிதித்து உள்ளே போகலாம்.