உங்களுக்குத் தெரியுமா? 5,184 மணி நேரத்தில் முடங்கிய டிஸ்க்

மொத்தம் சுமார் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் கம்ப்யூட்டரையே முடக்கிய எஸ்எஸ்டி ஒன்று உண்டு! பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, 2011-இல் பலரும் லேப்டாப்பில் ஆசையாக மாட்டிய குரூஷியல் எம்4தான் அது.

• இடைவிடாமல் ஓடினால் 216 நாள் கணக்கு. அதன்பின் திடீரென நீலத் திரை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒழுங்காக ஓடும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் தீராது.

• காரணம், டிஸ்க் ஓடிய மணி நேரத்தைக் குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவேட்டைக் கையாள்வதில் இருந்த ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) பிழை.

• 2012 ஜனவரியில் வந்த 0309 ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது.

• ஓடிய மணி நேரம், ஃபர்ம்வேர் எண் இரண்டையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். புது டிஸ்க் தகராறு செய்தால் ரேம்தான் கோளாறு என்று அதை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்ப்பதே நல்லது.