முல்லைக்கு ஈந்த தேர்: அரிய நோய்களும் அலங்கார ஊர்திகளும்

முன்னுரை

பற்றிப் படரக் கொழுகொம்பின்றிக் காற்றில் அலைந்த முல்லைக்கொடிக்குப் பறம்பு மலைத் தலைவன் பாரி தன் தேரையே ஈந்தான் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. வகுப்பறையில் இதனைக் கற்பிக்குந்தோறும் மாணவர் ஒருவரேனும் எழுந்து, "ஐயா, ஒரு கொடிக்கு ஒரு கொம்பு போதாதா? தேர் எதற்கு?" என்று வினவுவதுண்டு. கொடைமடம் என்னும் ஒரு சொல்லால் விடையளித்து நாம் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். ஆயினும், அவ்வினாவிற்கு வேறொரு விடையும் உண்டு. பாரி ஒரு கொம்பினை நட்டிருந்தால் அச்செய்தி அந்த முல்லையோடு முடிந்திருக்கும். தேரை நிறுத்தியதால், துணையற்ற அந்த ஓருயிரை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காண்பார் கண்ணை ஈர்ப்பது தேரின் இயல்பு. அவ்வியல்பை அறத்தின்பால் திருப்பியது பாரியின் அருமை.

இன்றும் நிற்பதற்கு வலுவின்றித் துவளும் முல்லைகள் நம்மிடையே உள. அவர்கள் அரிய நோயுற்ற குழந்தைகள். அவர்தம் மருத்துவத்திற்குப் பொருள் திரட்ட அலங்கார ஊர்திப் பவனி எவ்வாறு துணைசெய்யக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அரிய நோய் என்பது யாது?

மக்கள்தொகையில் மிகச் சிலருக்கே காணப்படும் நோயை அரிய நோய் என்பர். இத்தகைய நோய்கள் 6,000க்கும் மேற்பட்டவை எனக் கணக்கிடுவர். அவற்றுள் பெரும்பாலானவை மரபணுக் குறைபாட்டால் தோன்றுவன. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் அரிது. ஒன்றாகக் கூட்டினால் அந்நோயாளர் தொகை மிகப் பெரிது. அரிது என்னும் அடைமொழியே அவர்களை நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

சான்றாக, முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் உயிர்வாழத் தேவையான ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதே இதன் காரணம். நரம்பணுக்கள் அழிய, தசைகள் தளரும். கடுமையான வகையில் குழந்தைக்குத் தலை நிற்காது, அமர இயலாது, பின்னர் விழுங்குவதும் மூச்சுவிடுவதுமே அரிதாகும். அறிவோ சிறிதும் குன்றுவதில்லை. தாய் தந்தை இருவரும் நலமுடையோராகவே இருப்பர். ஆயினும், பழுதுற்ற மரபணுவின் ஒரு படியை இருவருமே சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இவ்வாறு பெற்றோர் இருவர் வழியாகவும் வரும் நோய்கள் நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் மிகுதியாகத் தோன்றும் என்பதை மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம்செய்யும் வழக்கமுடைய நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்நோய்க்கு ஒரே முறை செலுத்தும் மரபணு மருந்தாகிய சோல்ஜென்ஸ்மாவிற்கு 2019ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. 2021ஆம் ஆண்டளவில் அதன் விலை இந்திய மதிப்பில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயாக இருந்தது. நம் நடுவணரசு 2021ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில், நோயாளர் ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவலாம் என்று வரம்பினை உயர்த்தியது. வரவேற்கத்தக்க உதவியே எனினும், 16 கோடிக்கு முன் அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

ஒரு முகமும் பல முகங்களும்

எஞ்சிய பங்கிற்குப் பெற்றோர் மக்களிடமே வருகின்றனர். மக்களும் வாரி வழங்கியதுண்டு. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து மாட்டூலில் ஒரு குழந்தைக்காகச் சில நாள்களிலேயே 46 கோடி ரூபாய்க்கு மேல் குவிந்தது. அதே நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அக்குழந்தையின் தமக்கை, தன் தம்பிக்கேனும் தன் நிலை நேரலாகாது என்று விடுத்த வேண்டுகோளே அதற்குக் காரணம். தேவைக்கு மிஞ்சிய தொகை வேறு நோயாளருக்குப் பயன்பட வழிசெய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே நம் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றிற்காகத் தமிழ் மக்கள் 16 கோடி ரூபாய் திரட்டினர். நடுவணரசு இறக்குமதி வரியை நீக்கி உதவியது.

இவ்வெற்றிகளைப் போற்றும் அதே வேளையில், ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், உறவினர் குழந்தையின் நிழற்படத்தோடு துறைக்கு வந்தார். அதே வாரத்தில் மற்றொரு குழந்தையின் படமும் வேறொருவர் வழியாக நம் கைக்கு வந்தது. நம்மிடம் இருந்ததோ சிறு தொகை. இரண்டு படங்களையும் மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தோம். சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கே கொடுத்தோம். மற்றக் குழந்தை சிரிக்கவில்லை என்பதன்றி அதனிடம் வேறு குறையொன்றும் இல்லை. அந்த நிமிடத்தை எண்ணி இன்றும் நாணுகிறோம்.

அழகிய முகத்திற்கும், உருக்கமாகப் பேசத் தெரிந்த பெற்றோருக்கும், கைப்பேசியைத் திறம்படக் கையாளும் உறவினருக்கும் கிடைக்கும் உதவி, இவையொன்றும் இல்லாத குழந்தைக்குக் கிடைப்பதில்லை. நோயுற்ற பிள்ளை தன் முகத்தைக் காட்டித்தான் உயிர்ப்பிச்சை பெற வேண்டுமா? ஒரு முகத்திற்காக அன்றி, ஒரு நோய்க்காக, அந்நோயுற்ற அனைவருக்காகவும் பொதுநிதி கேட்க இயலாதா? அலங்கார ஊர்தியின் தேவை இவ்விடத்தில்தான் எழுகிறது. குழந்தையின் முகத்தை மறைத்து, நோயின் முகத்தைக் காட்ட வல்லது அது.

பவனி மரபு

ஊர்திப் பவனி நமக்குப் புதிதன்று. நாகூர்க் கந்தூரியின்போது கப்பல் வடிவில் ஒப்பனை செய்த இரதங்களும் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் வரை வருவதைச் சமயம் கடந்து மக்கள் கூடிக் காண்கின்றனர். இத்தகைய விழாக்கள் குறித்து நம் சமுதாயப் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நாம் இங்குப் புகவில்லை. மக்களைத் திரட்டும் ஆற்றலை மட்டுமே சுட்டுகிறோம். 1968ஆம் ஆண்டு சென்னை உலகத் தமிழ் மாநாட்டிலும், 2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டின் 'இனியவை நாற்பது' பவனியிலும் இலக்கியமும் வரலாறும் ஊர்தியேறி வந்தன. 2022ஆம் ஆண்டு தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் இடம்பெறாத தமிழக ஊர்திகள் சென்னைக் கடற்கரையில் வலம்வந்து, பின் மாவட்டந்தோறும் சென்றன. ஏட்டில் படிக்காதவற்றையும் ஊர்தியில் கண்டு மக்கள் அறிந்தனர்.

பவனியைப் பொருள் திரட்டும் கருவியாக்கியோருள் இங்கிலாந்து மாணவர்களும் அடங்குவர். அங்குப் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை வேடம் புனைந்து, பாரவண்டிகளை ஒப்பனை செய்து, உண்டியல் குலுக்கி வீதிவலம் வந்தனர். 1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கும்வரை அந்நாட்டு மருத்துவமனைகள் பல, மக்கள் நன்கொடையையே நம்பியிருந்தன. அப்பவனிகளில் திரண்ட காசுகள் அவற்றின் படுக்கைகளாகவும் கருவிகளாகவும் மாறின.

பிரான்சு நாட்டின் சான்று இன்னும் நெருக்கமானது. தசைநோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் 1958ஆம் ஆண்டில் அங்கு ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கம் 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வோராண்டும் திசம்பரில் தெலெத்தோன் என்னும் நிதித் திருவிழாவை நடத்துகிறது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடக்க, சிற்றூர்கள் தோறும் மக்கள் நடையும் ஓட்டமும் விருந்தும் கலைநிகழ்ச்சியுமாகக் காசு சேர்க்கின்றனர். அந்நிதியில் எழுந்ததே ழெனெத்தோன் ஆய்வுக்கூடம். 16 கோடி ரூபாய்க்கு விற்ற சோல்ஜென்ஸ்மா உருவாக வழிவகுத்த ஆய்வுகளுள் இக்கூடத்தின் பங்கும் உண்டு. எளிய மக்கள் உண்டியலில் இட்ட நாணயம் மருந்தாயிற்று என்பது மகிழ்ச்சி. அம்மருந்தே எளிய மக்களுக்கு எட்டாதாயிற்று என்பது வேதனை.

இராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பவனி

நம் சென்னையில் இத்தகைய பவனிக்கு இராஜா அண்ணாமலைபுரம் பொருத்தமான இடம் என்று நாம் கருதுகிறோம். பல்கலைக்கழகம் கண்டவரும் தமிழிசை வளர்த்தவருமான ஒரு வள்ளலின் பெயரைத் தாங்கிய பகுதி அது. இசைக்கும் கவின்கலைக்குமான பல்கலைக்கழகம் அங்கு உள்ளது. அடையாற்றைக் கடந்தால் காந்தி நகரில் புற்றுநோய் மருத்துவமனையைக் காணலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மக்களிடம் நிதி திரட்டி 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு தொடங்கிய நிலையம் அது. தீராது என்று கைவிடப்பட்ட நோயை ஊரார் காசு கொண்டு எதிர்த்த வரலாறு அம்மண்ணிலேயே இருக்கிறது.

பிப்ரவரித் திங்களின் இறுதி நாள் உலக அரிய நோய் நாள். நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29ஆம் நாளின் அருமை கருதி 2008ஆம் ஆண்டில் இந்நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் எம்.ஆர்.சி. நகரில் புறப்படும் ஊர்திகள், பட்டினப்பாக்கம், சாந்தோம் வழியாகக் கடற்கரைக் காந்தி சிலையை அடையலாம். காவல்துறை, மாநகராட்சி ஆகியவற்றின் இசைவும், மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் தாழ்ந்த உயரமும் முதற்கண் தேவை.

பாரவண்டியின் மேல் சவுக்குக் கழியும் மூங்கிலும் கொண்டு சட்டம் அமைத்துத் துணியும் காகிதக்கூழும் தெர்மாகோலும் கொண்டு மாணவர்களே உருவங்கள் சமைக்கலாம். ஓர் ஊர்தியில் பாரியின் தேரும் முல்லையும் வரட்டும். மற்றொன்றில் பெருந்தராசு ஒன்றின் ஒரு தட்டில் விரலளவு மருந்துக் குப்பியும் மறு தட்டில் ஒரு வீடும் நிலமும் நகையும் இருக்க, குப்பியின் தட்டே தாழ்ந்திருக்கட்டும். வேறொன்றில் தாய், தந்தை, நான்கு தொட்டில்கள். அவற்றுள் ஒன்று மட்டும் வேறு நிறம். மணத்திற்கு முன்னோ கருவுற்ற தொடக்கத்திலோ மரபணு ஆலோசனை பெற வேண்டிய தேவையை நூறு சொற்பொழிவினும் அத்தொட்டில் தெளிவாக உணர்த்தும்.

பொருள் வரும் வழி மூன்று. ஒவ்வோர் ஊர்தியையும் ஒரு வணிக நிறுவனமோ குடும்பமோ பொறுப்பேற்று நன்கொடை தருவது ஒன்று. வழிநெடுக முத்திரையிட்ட உண்டியல்களாலும், கைப்பேசியால் செலுத்தும் கட்டக்குறிகளாலும் பெறுவது மற்றொன்று. பவனிக்குப் பின் ஊர்திகளைச் சில நாள் காட்சிக்கு வைத்துத் திரட்டுவது பிறிதொன்று.

பேண வேண்டிய நெறிகள்

வெளிப்படையாக வழங்குவதும் நன்று. மறைவாக வழங்குவது அதனினும் நன்று என்பது திருக்குர்ஆன் உணர்த்தும் நெறி. பவனி வெளிப்படையானது, அதில் உண்டியலிடுபவர் பெயரோ மறைவானது. இரண்டு நன்மையும் இதில் கூடுகின்றன. எனினும் சில வரம்புகள் வேண்டும்.

முதலாவது, நோயுற்ற எந்தக் குழந்தையையும் ஊர்தியில் ஏற்றலாகாது, படமும் வைக்கலாகாது. இரண்டாவது, ஒப்பனைச் செலவைப் பொறுப்பேற்றவரே தனியாக ஏற்க வேண்டும். பொதுமக்களின் காசு ஒன்றேனும் வண்ணத்தாளுக்குச் செல்லலாகாது. ஜக்காத் பணம் இதில் சேருமெனில், ஆலிம்களைக் கலந்து அதற்கெனத் தனிக்கணக்கு வைத்தல் நலம். மூன்றாவது, திரண்ட நிதி அமானிதம். அது அரசு மருத்துவமனையின் வல்லுநர் குழு வகுக்கும் முறைப்படி, முகம் பாராது, தேவை பார்த்துச் செல்ல வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஒரு திங்களுக்குள் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

ஒரு பவனியில் 16 கோடி திரளும் என்று நாம் கனவு காணவில்லை. ஆனால் நோயறியும் மரபணுச் சோதனைக்கும், மூச்சுக் கருவிக்கும், இயன்முறை மருத்துவத்திற்கும், வெளியூர்ப் பெற்றோர் தங்கும் செலவிற்கும் அந்நிதி போதும். மருந்தின் விலை குறைய மக்கள் குரலும் சட்டமும் வேண்டும். இதே நோய்க்கு வாய்வழி உட்கொள்ளும் ரிஸ்டிப்லாம் என்னும் மருந்து குப்பி ஒன்று 6 இலட்சம் ரூபாய்க்கு விற்றது. நீதிமன்ற வழக்கிற்குப் பின் 2025ஆம் ஆண்டில் இந்திய நிறுவனம் ஒன்று அதனை 15,900 ரூபாய்க்குக் கொணர்ந்தது. மக்கள் பார்வை ஒரு நோயின்மேல் விழுந்துகொண்டே இருந்தால்தான் இத்தகைய மாற்றங்கள் நிகழும்.

நிறைவுரை

பாரியின் தேர் அந்த ஒரு முல்லைக்கு மட்டும் கொம்பாகவில்லை. துவளும் கொடியைக் கண்டால் நின்று இறங்க வேண்டும் என்பதை அதன் பின் வந்தோர்க்கெல்லாம் கற்பித்தது. நம் மாணவச் செல்வங்கள் கட்டும் ஊர்தியும் அதனைச் செய்யட்டும். அன்று மேசைமீது இருந்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்த நம் கைக்கு, இனி எந்தப் படத்தையும் தேராமல் எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கும் வாய்ப்பினை வல்ல இறைவன் நல்குவானாக.