காற்றுக் கைத்துப்பாக்கிக்கு ஏற்றது கரியமில வாயுவா, அமுக்கிய காற்றா?

வெடிமருந்தின் உதவியின்றி, அடைபட்ட வாயுவின் ஆற்றலால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் கருவியே காற்றுக் கைத்துப்பாக்கி. விசையை அழுத்தியதும் வால்வு கணநேரம் திறக்கிறது. சிறிதளவு வாயு விரிந்து குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. போட்டிக் கைத்துப்பாக்கிகளில் கரியமில வாயு, அமுக்கிய காற்று ஆகிய இரண்டுமே கையாளப்பட்டு வந்துள்ளன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பௌதிகமே விடை தருகிறது.

போட்டியில் இலக்கு 10 மீட்டர் தொலைவில் உள்ளது. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டருக்கும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு கூடும் அல்லது குறையும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மனு பாக்கர், வெள்ளிக்கான வாய்ப்பை இழந்தது வெறும் 0.1 புள்ளியால்.

குண்டு விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கருதாவிடில், அது இலக்கை அடைவதற்குள் புவியீர்ப்பினால் 22 மில்லிமீட்டர் தாழும். வேகம் 140 மீட்டராகக் குறைந்தால் 25 மில்லிமீட்டர் தாழும். இந்த 3 மில்லிமீட்டர் வேறுபாடு, புள்ளியில் பத்தில் நான்கு பங்கை ஒத்தது. ஆகவே நமக்கு வேண்டுவது மிகுந்த வேகமன்று. குண்டுக்குக் குண்டு மாறாத வேகமே.

கரியமில வாயுவின் இயல்பு

இவ்வாயு சிலிண்டரில் பெரும்பகுதி திரவமாகவும், அதன் மேல் ஆவியாகவும் இருக்கிறது. சுடும்போது ஆவி குறைந்தால், திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகி அக்குறையை நிரப்பிவிடும். திரவம் எஞ்சியிருக்கும் வரையில், உஷ்ணநிலை மாறாவிடில் அமுக்கமும் மாறாது. இது பெரிய வசதியே. ஆனால் அமுக்கம் முழுவதும் உஷ்ணநிலைக்குக் கட்டுப்பட்டது. 20 டிகிரி செண்டிகிரேடில் அது சுமார் 57 பார். 30 டிகிரியிலோ 72 பார். (ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டத்திலுள்ள காற்றின் அமுக்கம்.) பத்து டிகிரி உயர்வுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் அமுக்கம் கூடுகிறது. மேலும், திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால், விரைந்து தொடர்ச்சியாகச் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து, அமுக்கம் தாழும்.

மைசூருவில் நிலைமை எவ்வாறு?

கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரு, மிதமான தட்பவெப்பத்திற்குப் பெயர்பெற்றது. எனினும் ஜனவரி மாத விடியலில் அங்கு உஷ்ணநிலை 16, 17 டிகிரிக்கு இறங்குகிறது. ஏப்ரல் பிற்பகலில் 34, 35 டிகிரிக்கு ஏறுகிறது. குளிர்ந்த காலையில் சிலிண்டரின் அமுக்கம் 53 பார் அளவிலேயே நிற்கும். காலையில் குறிபார்ப்பு உறுப்பைச் சீர்செய்து கொண்டவர், நண்பகலில் குண்டு வேறிடத்தில் படுவதைக் காண்பார்.

கோடையில் மற்றொரு சிக்கல் எழுகிறது. 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு எவ்வளவு அமுக்கத்திலும் திரவமாக நிலைப்பதில்லை. குறையை நிரப்பத் திரவம் இல்லாமையால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அமுக்கம் குறைந்துகொண்டே வரும். அதாவது இவ்வாயுவின் தனிச் சிறப்பே மறைந்துவிடுகிறது. மைசூருவிலேயே இப்படியெனில், சென்னையிலும் மதுரையிலும் கூற வேண்டுவதில்லை.

அமுக்கிய காற்று

காற்றை 200 பார் வரை அமுக்கிச் சிலிண்டரில் நிரப்புகின்றனர். இங்குத் திரவம் இல்லை. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தால் அமுக்கம் சுமார் மூன்றரை சதவீதமே கூடும். சுடச்சுடச் சிலிண்டரின் அமுக்கம் குறையுமென்பது உண்மையே. ஆனால் இடையிலுள்ள ரெகுலேட்டர், வால்வுக்குச் செல்லும் காற்றை ஒரே குறைந்த அமுக்கத்தில் வைத்திருக்கிறது. சிலிண்டரின் அமுக்கம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் வரையில் குண்டின் வேகம் சீராக இருக்கும். எஞ்சிய அளவை அமுக்கமானி காட்டிவிடும். கரியமில வாயுச் சிலிண்டரிலோ எஞ்சியதை எடை போட்டே அறிய வேண்டும்.

கரியமில வாயுவுக்கும் நற்பண்புகள் உண்டு. சிறு சிலிண்டரில் மிகுந்த வாயு அடங்கும்; அமுக்கம் குறைவு; நிரப்புவதற்கு உயர் அமுக்கப் பம்பு வேண்டியதில்லை. பயிற்சி தொடங்குபவர்க்கு, ஒரே சீரான உஷ்ணநிலையுள்ள அறையில், அது போதுமானதே.

எச்சரிக்கைகள்

கரியமில வாயுச் சிலிண்டரில் குறித்துள்ள எடைக்கு மேல் நிரப்பலாகாது. திரவம் வெப்பத்தால் பெருகுவதற்கு இடம் இல்லாவிடில் அமுக்கம் அபாயகரமாக உயரும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியில் சிலிண்டரை வைப்பது பெருந்தவறு. கரியமில வாயுவுக்கென்று அமைந்த துப்பாக்கியில் 200 பார் காற்றுச் சிலிண்டரைப் பொருத்தவே கூடாது. காற்றுக்குப் பதிலாகத் தூய பிராணவாயுவை நிரப்புவது உயிருக்கே ஆபத்து. எண்ணெய்ப்பசை சிறிது இருப்பினும் தீப்பற்றி வெடிக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை நீக்கிய காற்றையே நிரப்ப வேண்டும். இல்லையேல் உட்புறம் துருப்பிடிக்கும். உற்பத்தியாளர் குறித்த காலவரம்பு கடந்த சிலிண்டரை உபயோகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.

ஆகவே, காலையும் மாலையும், கோடையும் குளிரும் ஒரே துப்பாக்கியால் சுட வேண்டியவர்க்கு அமுக்கிய காற்றே ஏற்றது. பழைய கரியமில வாயுத் துப்பாக்கியை வைத்திருப்போர் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. சுடுவதற்கு முன் சற்று நேரம் அதை அறையின் உஷ்ணநிலைக்கு வரவிட்டு, நிழலில் வைத்து, நிதானமாகச் சுட்டால், அது இன்னும் நெடுங்காலம் பயிற்சிக்கு உதவும்.