“எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

ஸ்கூல் விட்டு வரும் பையனைத் தெருநாய் காலில் கடித்துவிடுகிறது. உடனே வீட்டில் ஒரு மாநாடே கூடிவிடும். “மஞ்சத்தூளை வச்சுக் கட்டும்மா” என்பார் பாட்டி. “பச்சிலை வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போன வருஷம் என்னை நாய் கடிச்சப்போ அவர்கிட்டதான் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!” என்பார் எதிர்வீட்டுக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

பகுத்தறிவு என்றதும் நமக்கு மேடைப் பேச்சுதான் ஞாபகம் வரும். வீட்டுக்குள் அது ரொம்பச் சின்ன விஷயம். “இதைச் செய்தோம், சரியாகிவிட்டது” என்று யாராவது சொன்னால், “செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டுப் பார்ப்பது.

கடிக்கிற நாய்க்கெல்லாம் வெறி இருப்பதில்லை. வெறி இல்லாத நாய் கடித்தால், பச்சிலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் வெறிநோய் வராது. வெறிநாயே கடித்தாலும்கூட எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. அப்படியானால் எதிர்வீட்டுக்காரர் பிழைத்தது பச்சிலையாலா, அதிர்ஷ்டத்தாலா? அவருக்கே தெரியாது. பச்சிலை கட்டியும் இறந்துபோனவர் நம் வீட்டுக்கு வந்து சாட்சி சொல்லப் போவதும் இல்லை.

“ஒரு மாசம் ஆச்சே, பையன் நல்லாத்தானே இருக்கான்?” என்று நிம்மதி அடையவும் முடியாது. இந்தக் கிருமி நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. நோய் தெரிய பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிற நிலை வந்துவிட்டால், பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

தராசில் வைத்துப் பாருங்கள். ஊசி போட்டபின் நாய்க்கு வெறி இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் என்ன? சில ஊசிகளும் கொஞ்சம் அலைச்சலும்தான். ஊசி போடாமல் விட்டு, நாய்க்கு வெறி இருந்துவிட்டால்? நஷ்டம், பிள்ளை!

உடனே என்ன செய்யலாம்?

* குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

* அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும்.

* நாயைப் பத்து நாள் கவனிக்கலாம். ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. நாய் நன்றாக இருந்தால், மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார்.

* தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் வேண்டாம். அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலும் கையில்தான், முழுதாகப் போட்டாலே நாலைந்து தடவைதான்.

பாட்டியோடு வாதம் செய்துகொண்டிருக்க வேண்டாம். “சரி பாட்டி, முதல்ல ஊசி போட்டுட்டு வந்துடறோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பகுத்தறிவு என்பது அவ்வளவுதான்!