கூரை வெப்பமும் கட்டிட விதிகளும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், சிலாபத்துக் கடற்கரையில் நண்பகல் வேளையில் நிற்பவன் தன் நிழலைத் தன் காலடியிலேயே காண்பான். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஏழரைப் பாகையில் அமைந்த இவ்வூரின் உச்சிக்கு நேரே ஏப்ரல் மாதத்தில் ஒரு முறையும், ஆகஸ்டு கழிந்து செப்டெம்பர் பிறக்கும் வேளையில் மறுமுறையும் சூரியன் வந்து நிற்கின்றது. ஏனைய மாதங்களிலும் அது நெடுந்தூரம் விலகிப் போவதில்லை. ஆதலால் இங்குள்ள மாடியில்லாத சிறு வீட்டில் வெயிலின் பெரும்பங்கை ஏற்பது சுவருமன்று, யன்னலுமன்று, கூரையே ஆகும். வீடு கட்டுவோருக்கு அரசாங்கம் வகுத்த விதிகள் பல உள. ஆயினும் அவ்விதிகளின் கண் பெரும்பாலும் சுவரிலும் யன்னலிலுமே பதிந்துள்ளது.

சிலாபம் தென்னைக்குப் பேர்போன நாடு. ஓலைக்கு இங்கே குறைவிருந்ததில்லை. கிடுகுகளின் இடையே தங்கிய காற்று, வெப்பம் கீழே இறங்காதவாறு காத்தது. தெற்கே வென்னப்புவை, தங்கொட்டுவைப் பகுதிகளில் சுட்ட ஓடு வந்தபோது, அதன் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே வெளியேறிற்று. இவை கைவிடப்பட்டமைக்கு மக்களின் அறியாமையே காரணம் என்பது நியாயமாகாது. கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும். தீப்பற்றும் அச்சமும் உண்டு. ஓட்டைத் தாங்க மரம் மிகுதியாக வேண்டும். தென்னையின் கீழே வாழ்பவருக்கு ஓடு உடைவது புதிதன்று. தகரத்தை உப்புக்காற்று அரித்துவிடும். அஸ்பெஸ்டஸ் தகடோ துருப்பிடிப்பதில்லை. சில மரங்களே போதும். விரைவில் வேய்ந்து முடிக்கலாம். கையிலுள்ள பணத்தைக்கொண்டு மழைக்கு முன் கூரை போட்டுவிட விரும்பும் மீனவக் குடும்பம் அதனைத் தெரிந்துகொண்டதில் வியப்பில்லை.

ஆனால் அத்தகடு மிக மெல்லியது. நண்பகலில் தொடமுடியாதவாறு கொதிக்கும் அதன் அடிப்புறம், தணல் நிறைந்த அடுப்பைப் போலக் கீழிருப்போர்மீது வெப்பத்தை வீசுகின்றது. மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றி இக்கதிர்வீச்சைத் தடுக்கமாட்டாது; சில வேளைகளில் கூரையடியில் தேங்கிய சூடான காற்றையே கீழே தள்ளிவிடும். பின்னொரு நாள் மாடி எழுப்பலாம் என்னும் நம்பிக்கையில் பலர் போட்டுவைக்கும் கொங்கிறீட்டுத் தட்டின் இயல்பு வேறு. அது பகல் முழுவதும் வெப்பத்தை உட்கொண்டு, வீட்டார் உறங்கச் செல்லும் நேரத்தில் சிறிது சிறிதாக உமிழ்கின்றது. தகட்டு வீட்டில் பகல் கடினம். தட்டு வீட்டில் இரவு கடினம்.

இதன் விலையைக் கணக்கிடுவது எளிது. 70 உவாற்று வலுவுள்ள ஒரு மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதத்தில் ஏறக்குறைய 25 அலகு மின்சாரம் செலவாகும். மூன்று விசிறிகளுக்கு 75 அலகு. விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. 2022க்குப் பின் வந்த வீட்டுக் கட்டண அட்டவணைகளில், மாதம் 60 அலகைத் தாண்டிய குடும்பம் மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே கூடிய விலை செலுத்த நேர்ந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோது இக்கோட்டின் அருமை பலருக்கு விளங்கிற்று. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதுண்டு, கூரை மாறவில்லை. இதே புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று வலுவுள்ள நிலையம், கடல் கடந்து வரும் நிலக்கரியை எரித்தே மின்சாரம் தருகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, விசிறியை நம்பிக் கட்டப்பட்ட வீடுகளில் குழந்தைகளும் முதியோரும் பட்ட பாடு நேயர்கள் அறியாததன்று.

இனி விதிகளைப் பார்ப்போம். கொழும்பில் பிளேக் நோய் தோன்றியது 1914இல். மறு ஆண்டில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வரைபடத்துக்கு முன்னனுமதி பெறவேண்டும், கட்டிமுடிந்தபின் விதிப்படி அமைந்ததெனச் சான்றிதழ் பெறவேண்டும் என்னும் ஒழுங்கு அதனால் நிலைபெற்றது. 63½ பாகை ஒளிக்கோணம் என்று மேசன்மாரும் அறிந்த கணக்கு அந்த மரபினது. எளிதாகச் சொன்னால், கட்டிடத்தின் உயரம் அதன் முன்னுள்ள வெளியின் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்குக்கு மேற்படலாகாது. நெருக்கமும் இருளும் நோய்க்கு இடமென்று கருதிய காலத்தில் அது நல்ல விதியே. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றி, 1986இல் திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகளும் வெளியாயின. ஒளியும் காற்றும் அங்கும் முதன்மை பெற்றன.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் நேராகப் பேசியவை பின்வந்த கோவைகள். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை, 2008க்குரிய கோவையொன்றையும், அதைத் திருத்தி 2020க்குரிய கோவையொன்றையும் வெளியிட்டது. கூரையும் சுவரும் எவ்வளவு வெப்பத்தை உட்புகவிடலாம் என்பது அத்தகைய கோவைகளின் உயிர்நாடி. எனினும் அவற்றின் நோக்கு விடுதி, அலுவலகம், பெருங்கடை, பெரிய குடியிருப்புத் தொகுதி ஆகியவற்றின்மீதே. இந்தியாவில் 2018இல் குடியிருப்புக்கென வகுக்கப்பட்ட கோவையும் 500 சதுர மீற்றருக்குக் குறையாத காணிகளையே கருதிற்று. குளிரூட்டியுள்ள கட்டிடத்தில் சேமிப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் குளிரூட்டி வாங்க இயலாதவன் வெப்பத்தைத் தன் உடம்பால் தாங்குகின்றான். அச்செலவு எந்த மானியிலும் பதிவாவதில்லை. தெலுங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை வகுத்தபோது, ஏழைகளுக்கு அரசு கட்டும் வீடுகளையும் அதனுள் சேர்த்தமை பாராட்டத்தக்கது.

சிலாபத்துச் சிறு வீட்டுக்கு வேண்டியவை பெருஞ்செலவானவை அல்ல. தகட்டின் கீழே உட்கூரை அமைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள சூடான காற்று வெளியேற இருபுறமும் வழிவிடவேண்டும். வழியில்லாத உட்கூரை பாதிப் பயனே தரும். தகட்டின் மேல் ஓடு பரப்பும் முறையைக் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா கையாண்டு காட்டினார்: தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலை ஏற்கும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சுரண்டுவதும் அறுப்பதும் ஆகா. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பகலில் மேற்கிலிருந்து கடற்காற்றும், இரவில் கிழக்கிலிருந்து தரைக்காற்றும் வருவதால், எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல் வேண்டும். ஆளுயர மதில் அக்காற்றை வாசலிலேயே மறித்துவிடும்.

இவையெல்லாம் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே முடிவாக வேண்டியவை. எல்லையையும் உயரத்தையும் யன்னலையும் சோதிக்கும் நகரசபை உத்தியோகத்தர், கூரையின் அடியில் என்ன இடப்படும் என்ற ஒரு வினாவையும் கேட்கலாம். அதற்குப் புதிய திணைக்களம் எதுவும் வேண்டியதில்லை. கட்டிமுடிந்த வீட்டின் கொங்கிறீட்டுத் தட்டுக்கு வெள்ளைப் பூச்சே மலிவான மருந்து. அது மழைக்காலத்தில் பாசி படிந்து மங்கும். தை, மாசியில் கழுவி மீண்டும் பூசினால் சித்திரை வெயிலுக்கு முன் தட்டு ஆயத்தமாகிவிடும்.