மளிகைக் கடை நோட்டும் களத்து நெல்லும்

முப்பத்து நான்கு ஆண்டு வங்கி வேலையில் பெரும்பகுதி எனக்குக் கிராமக் கிளைகளில்தான் போனது. பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் எத்தனை ஏக்கர், என்ன பயிர், கிணறா ஏரிப் பாசனமா என்றெல்லாம் கேட்போம். வீட்டில் மாதம் என்ன மளிகை ஆகிறது என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. ஆனால் கிசான் கடன் அட்டைக்குக் கடன் அளவு போடும்போது, பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய தேவை, குடும்பத் தேவை என்று சேர்த்துக் கொடுப்பது விதி. அந்த 10 சதவீதம் எங்கே போகிறது என்று பார்த்தால், நேராக ஊர் மளிகைக் கடைக்குத்தான் போகும். சில வீடுகளில் மீதியிலிருந்தும் ஒரு பங்கு அங்கேயே போகும்.

இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் மூன்றரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறேன். கழனியில் நெல், கொல்லையில் மல்லாட்டை, ஊடுபயிராகத் துவரை. ஊரில் இன்னும் எனக்கு 'மேனேஜர் சார்' என்றுதான் பெயர். அதனால் கடன் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் என் திண்ணைக்கு வரும். அப்படி வந்ததுதான் பக்கத்துக் கழனிக்காரர் ஒருவருடைய மளிகைக் கடை நோட்டு.

அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் கடையில் நோட்டுப் போட்டு வாங்கியிருந்தார். மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம். "வட்டி கிட்டி ஒண்ணும் கெடையாது சார், நம்ப ஆளு" என்றார். நோட்டைப் பார்த்தேன். சர்க்கரை கிலோ 47 ரூபாய் என்று எழுதியிருந்தது. அதே கடையில், அதே வாரம், நான் காசு கொடுத்து 44-க்கு வாங்கினேன். கிலோவுக்கு 3 ரூபாய். மூன்று மாதம் கழித்துப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், இது ஆண்டுக்கு 27 சதவீத வட்டி. பயிர்க்கடனுக்கு வங்கி வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். 4 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தும் இந்தக் குடும்பங்கள் ஏன் நிமிரவில்லை என்று கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் யோசித்ததுண்டு. பதில் அந்த நோட்டில் இருந்தது.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரும் மொத்தக் கடையில் கடன் வைத்துத்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் இந்த மூன்று ரூபாயைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. தை மாதம் சம்பா அறுத்து நெல் களத்துக்கு வந்ததும் கடைக்காரர் ஆள் அனுப்புகிறார். வியாபாரியும் அன்றைக்கே வந்து நிற்கிறார். ஈரம் காயவில்லை என்று ஒரு விலை, இப்போதே பணம் வேண்டும் என்பதால் இன்னொரு கழிவு. வீட்டுக்கு என்று நாலு மூட்டைகூட எடுத்து வைக்காமல் அத்தனையும் லாரி ஏறிவிட்டது. மாசி பிறந்ததும் அண்ணன் அதே கடையில் 26 கிலோ அரிசி மூட்டை வாங்குகிறார், புது நோட்டுப் போட்டு.

அது ஏன் 26 கிலோ என்று கேட்டிருக்கிறீர்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கும், சில்லறையாக அளந்து கொடுப்பதற்கும் கிடையாது. அதனால் அரிசி ஆலைகள் ஒரு கிலோ கூட்டி அடைத்துவிட்டன. ஒரு கிலோ பருப்பைப் பளபளக்கும் பாக்கெட்டில் வாங்குகிறவர் வரியையும் பாக்கெட் காசையும் சேர்த்துக் கொடுக்கிறார். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்து வாங்குகிறவருக்கு இரண்டும் இல்லை.

நெல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் 75 கிலோ ஒரு மூட்டை. கிலோ 24 ரூபாய் என்றால் மூட்டை 1,800. கையில் கிடைப்பது அவ்வளவுதான். அதே மூட்டையைக் காயவைத்துச் சிறிய ஹல்லர் மில்லில் அரைத்தால், 62 சதவீதம் கண்டாலும் 46 கிலோ அரிசி. அரவைக் கூலி, வண்டி எல்லாம் 250 என்று போடுங்கள். ஆக 2,050 ரூபாய்க்கு 46 கிலோ. கடையில் 26 கிலோ மூட்டை 1,450 என்றால், 46 கிலோவுக்கு 2,565 ஆகிறது. மூட்டைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு மூட்டை நெல் ஆகும், ஆண்டுக்குப் பன்னிரண்டு மூட்டை. ஆறாயிரம் ரூபாய் அங்கே நிற்கிறது. தவிடு மாட்டுக்கு, நொய் கோழிக்கு. அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதில் எனக்குப் பணத்தைவிட உறுத்துவது ஒன்று உண்டு. நம் இயக்கத்து ஆட்களிலேயே மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போட்டு நகரத்துக்காரர்களுக்கு நஞ்சில்லா அரிசி என்று நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளுக்குக் கடையில் பாலிஷ் அரிசி வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை நன்றாகக் கிடைக்கிறதே என்பார்கள். சரி, கிடைக்கட்டும். பத்து சென்ட் வீட்டுக்கு என்று தனியாக ஒதுக்கினால் என்ன?

மல்லாட்டை எண்ணெய்க் கணக்கு அவ்வளவு லேசாக முடியாது. 25 கிலோ பருப்பை மரச்செக்கில் ஆட்டினால் எங்களுக்கு 10 லிட்டர் எண்ணெயும் 14 கிலோ புண்ணாக்கும் வருகிறது. வியாபாரி எடுக்கிற விலையில் பருப்பு கிலோ 105 என்று போட்டால் 2,625. ஆட்டுக்கூலி 400. புண்ணாக்கு கிலோ 45 வீதம் 630 கழித்தால் நிகரம் 2,395. லிட்டர் 240 ரூபாய். கடையில் செக்கு எண்ணெய் 300. ஆகவே அதை வாங்குகிறவருக்கு 60 ரூபாய் லாபம். பாக்கெட் பாமாயில் வாங்குகிற வீட்டுக்கு இது கூடுதல் செலவுதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய் வந்த பிறகு பொரிப்பது குறைந்து தாளிப்பதோடு நின்றுவிட்டது. மாதம் ஆறு லிட்டர் ஆனது, இப்போது மூன்றரை.

எண்ணெய் பாக்கெட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. கடையில் தொங்குகிற சில பாக்கெட்டுகளில் 850 கிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தால் லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், விலை நாலைந்து ரூபாய் குறைவாக இருக்கும். குறைகிற 60 கிராம் நாலைந்து ரூபாயைவிட அதிகம் பெறும். பிஸ்கட், மசாலாப் பொடி எல்லாவற்றிலும் இதே வேலைதான். பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே சரக்கு இளைத்துக்கொண்டே போகும். சில ஆண்டுகளாகப் பாக்கெட்டின் மேல் விற்பனை விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பையாக இருந்தால் கிலோ விலை இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு எண்ணை மட்டும் படித்தால் போதும். அதிகபட்ச விற்பனை விலை என்பதும் அதற்கு மேல் விற்கக்கூடாத விலைதான். அதற்குக் கீழே கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை, மூட்டையாக எடுக்கும்போது கட்டாயம் கேட்க வேண்டும்.

விளைவிக்காத சாமான்களுக்கு எங்கள் வழி, வருசச் சாமான் வாங்குவது. நம் பாட்டிமார் செய்ததுதான், புதிது ஒன்றுமில்லை. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதுப்புளி மலிந்து கிடக்கும். கரிசல் காட்டில் கொத்தமல்லி அறுப்பதும் அதையொட்டித்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய் பழம் காய்ந்து வருகிற நேரமும் அதுதான். ஈரோட்டு மஞ்சளும் தை, மாசிக்குப் பிறகு சந்தைக்கு வந்துவிடும். டெல்டா பக்கம் சம்பா தாளடியில் விதைத்த உளுந்து பங்குனியில் களத்துக்கு வரும். இதே சாமான்களை ஐப்பசி, கார்த்திகையில் நூறு நூறு கிராமாக வாங்கினால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஒரு வீட்டுக்கு என்று வாங்கினால் வண்டி வாடகையிலேயே லாபம் போய்விடும். நாங்கள் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து வாங்குகிறோம். பேர் ஒன்றும் வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். தை கடைசியில் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதி, முன்பணம் பாதி வாங்கிவிடுவோம். முன்பணம் தராதவருக்குச் சரக்கு இல்லை. இந்த ஒரு விதியில் மட்டும் நான் வங்கிக்காரன்தான், உறவு பார்ப்பதில்லை. முடிந்தவரை இயற்கை விவசாயிகளிடமே எடுக்கிறோம். அவருக்கு வியாபாரி கொடுப்பதைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கிறது, நமக்குக் கடையைவிடக் குறைகிறது.

வாங்கினால் மட்டும் போதாது, வண்டு தின்னாமல் வைக்க வேண்டுமே. துவரையோ உளுந்தோ முழுசாக வைத்தால் வண்டு சீக்கிரம் விழும், உடைத்த பருப்பில் அவ்வளவாக விழாது. விதைக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவிட்டு மற்றதை உடைத்து வைத்துவிடுங்கள். துவரம் பருப்பில் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் தடவிக் காயவைப்போம். புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு போட்டு மண்பானையில் அடைத்தால் அடுத்த புளி வரும்வரை நிற்கும். அமாவாசையில் காயவைத்தால் பூச்சி வராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து, நல்ல வெயிலில் பல்லால் கடித்தால் 'டக்'கென்று உடைகிற பதத்துக்குக் காயவைத்தால் எந்தத் திதியானாலும் சரி.

காய்கறிக்கு நாங்கள் காசு கொடுப்பது மிகக் குறைவு. வாரம் இரண்டு நாள் உழவர் சந்தைக்குக் கீரையும் கத்திரியும் கொண்டுபோகிறோம். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நான் பணியில் இருந்தேன். அப்போது அதை விற்கிற இடமாகத்தான் நினைத்தேன். சந்தை கலையும் நேரத்தில் தட்டில் மிஞ்சியதை விற்பவர்களே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். என் கீரைக்கட்டு போய், பக்கத்துக் கடைக்காரம்மாவின் பீர்க்கங்காய் என் பைக்கு வந்துவிடும். காசு பேச்சே இல்லை.

ரேஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், சர்க்கரை 25, பாமாயில் லிட்டர் 25. இயற்கை விவசாயி ரேஷனில் நிற்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக நிற்கலாம். கொல்லையில் துவரை வருகிறவரை அந்தப் பருப்பு வீட்டுக்குப் பெரிய துணை.

இத்தனையும் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு என் வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டார். "புளி கொட்டை எடுக்கிறது யாரு, பருப்பு புடைக்கிறது யாரு, அதுக்குக் கூலி எந்தக் கலத்துல எழுதியிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. மளிகைச் செலவில் மிச்சம் என்று ஆண்கள் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி பெண்களின் முதுகில் ஏறுகிறது. ஐம்பது கிலோ துவரையை ஊறவைத்து, செம்மண் கட்டி, காயவைத்து, ஏந்திரத்தில் உடைத்து, புடைத்து எடுக்க இரண்டு பெண்களுக்கு முழுசாக நாலு நாள் ஆகிறது. கூலி போட்டால் கடைப்பருப்பே மலிவு என்று வந்தாலும் வரும். அதனால் எங்கள் குழுவில் இப்போது துவரையை மொத்தமாகச் சேர்த்துச் சிறிய பருப்பு உடைக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறோம். கிலோவுக்கு ஏழெட்டு ரூபாய் போகிறது, போகட்டும். புளி கொட்டை எடுக்கும் நாளில் ஆண்களும் அரிவாள்மனை முன்னால் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஆண்டு மூன்று பேர்தான் உட்கார்ந்தோம். போன பங்குனியில் எட்டுப் பேர்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். போன தையில் அவர் கடை பாக்கி ஒன்பதாயிரம் இருந்தது. கடன் அட்டையில் எடுக்காமல் மீதி இருந்த பணத்தில் அதை முதலில் அடைக்கச் சொன்னேன், 27 சதவீதக் கடனை 7 சதவீதக் கடனாக மாற்றுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. அறுத்த நெல்லில் பத்து மூட்டை வீட்டுக்கு நின்றது. மற்றதை ஒரு வாரம் காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். களத்தில் கேட்ட விலையைவிட மூட்டைக்கு 110 ரூபாய் கூடக் கிடைத்தது. அட்டைப் பணத்தை அன்றைக்கே வங்கியில் திரும்பக் கட்டிவிட்டார். கடை நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் டீத்தூள், சோப்பு, தீப்பெட்டி, பேரப்பிள்ளைக்கு மிட்டாய் இவ்வளவுதான். மாதா மாதம் ஐந்தாம் தேதி தீர்த்துவிடுகிறார்.

இந்த ஆண்டு குழு நோட்டில் தனியா 60 கிலோ, புளி 85 கிலோ, மிளகாய் 40 கிலோ என்று எழுதியாகிவிட்டது. விருதுநகர்ப் பக்கம் ரசாயனம் போடாமல் மல்லி விதைத்திருக்கிற ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறோம். பூ பிடித்திருக்கிறது என்று போன வாரம் படம் அனுப்பினார். அண்ணன் இந்த முறை முன்பணத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகாயில் மட்டும் ஒரு கிலோ குறைத்துக்கொள்ளச் சொன்னார், வீட்டில் எல்லாருக்கும் வயிற்றெரிச்சலாம்.