உங்களுக்குத் தெரியுமா? கதவைத் தொட்டாலே ஷாக்!

அமெரிக்கர்கள் ஆர்.வி. என்று சொல்வதைத்தான் நாம் கேரவன் என்கிறோம். இங்கே ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும். அங்கே குடும்பம் முழுவதும் அதில் ஏறி ஊர் சுற்றுகிறது. ராத்திரி தங்கும் முகாமில் ஒரு மின்கம்பம் இருக்கும். அதில் ஒயரைச் செருகினால் ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடும். வில்லங்கமும் அந்த ஒயரில்தான்.

★ வண்டி நிற்பது ரப்பர் டயரில். கம்பத்திலோ ஒயரிலோ எர்த் விட்டுப்போயிருந்தால், உள்ளே ஏதாவது ஒரு சாதனத்தில் கசியும் கரண்ட் திரும்ப வழியில்லாமல் வண்டியின் உலோக உடம்பில் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் அடி. இதற்கு 'ஹாட் ஸ்கின்' என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் ஒயரைச் செருகியதும், தொடாமலே கரண்டைக் காட்டும் பேனா டெஸ்டரை வண்டி அருகே கொண்டுபோவார்கள். பீப் என்றால், கம்பத்திலுள்ள பிரேக்கரை உடனே ஆஃப் செய்துவிட வேண்டியதுதான்.

★ "அதான் ஒரு கம்பியைத் தரையில் அடித்துவிட்டேனே" என்பார் சிலர். போதாது. மண்ணின் தடை 25 ஓம் என்று வையுங்கள். அங்குள்ள 120 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 4.8 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கெல்லாம் அசையாது. வண்டியில் கரண்ட் அப்படியே இருக்கும். எர்த் ஒயர், மின்சாரம் புறப்பட்ட பேனல் வரை அறுபடாமல் போக வேண்டும். அப்போதுதான் பிரேக்கர் விழும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

★ அங்கே ஜி.எஃப்.சி.ஐ. என்பது நம் வீட்டு ஆர்.சி.சி.பி.யின் தம்பி, கொஞ்சம் ரோஷக்காரத் தம்பி. நம்முடையது வழக்கமாக 30 மில்லி ஆம்பியருக்கு. அது 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஃபேஸில் போனது நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று மட்டும் பார்ப்பதால், எர்த் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் கணக்கு சரியாகவே இருக்கும். அது சும்மா இருந்துவிடும்!

★ 1961இல் ஜி.எஃப்.சி.ஐ.யைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டால்ஸீல், பெர்க்லியில் பேராசிரியர். தன்னார்வலர்களின் கையில் கரண்டைப் பாய்ச்சி, பிடித்த கம்பியை எதுவரை உதற முடிகிறது என்று அளந்தவர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகி, கை கம்பியை விடாது. இந்தக் காலத்தில் அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள்!

★ கேரவனின் வெளிப்புற சாக்கெட் திடீரென்று செத்துவிட்டதா? எலக்ட்ரீஷியனைத் தேடும் முன் பாத்ரூமைப் பாருங்கள். பல வண்டிகளில் பாத்ரூமில் இருக்கும் ஒரே ஜி.எஃப்.சி.ஐ.தான் கிச்சன், வெளிப்புற சாக்கெட்டுகளுக்கும் சேர்த்துக் காவல். ரீசெட் பட்டனை அழுத்தியதும் உயிர் வந்துவிடும். பக்கத்திலேயே டெஸ்ட் பட்டனும் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் காவல் அந்த சாக்கெட்டுகளோடு சரி. முதலில் சொன்ன ஹாட் ஸ்கின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

★ 30 ஆம்பியர் கேரவன் சாக்கெட்டில் மூன்று துளை, 120 வோல்ட். துணி உலர்த்தும் டிரையரின் பழைய 30 ஆம்பியர் சாக்கெட்டிலும் மூன்று துளை, ஆனால் 240 வோல்ட். கேரவனுக்குப் பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன், டிரையர் ஞாபகத்தில் 240 வோல்ட் இணைப்பைக் கொடுத்துவிடுவது அங்கே சகஜமான விபத்து. செருகிய மறுநொடி டிவி, மைக்ரோவேவ் எல்லாம் காலி. புதிதாகப் போட்ட சாக்கெட் என்றால் மீட்டரில் 120 பார்த்த பிறகே ஒயரை எடுக்கிறார்கள்.